லிமாவில் கை நனைக்காமல்

லிமா நகரத்துக்கு வானம் கிடையாது. பெரு நாட்டின் தலைநகரம், பசிபிக் கடலோரம் செங்குத்தான மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கோடி பேர் ஊர், வானம் மட்டும் இல்லை. நாங்கள் போனது அவர்களுடைய குளிர்காலம். அழுக்குப் பஞ்சு மெத்தையை ஊர்மேல் கவிழ்த்தாற்போல் காலையிலிருந்து இரவுவரை ஒரே சாம்பல் நிறம். இதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கழுதை வயிறு. பெயர் வைப்பதில் காட்டிய அக்கறையை வேறு எதிலாவது காட்டியிருக்கலாம்.

அந்தக் கழுதை வயிற்றின் அடியில் நானும் என் மனைவி சரோஜாவும் போய் இறங்கியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் ஒரே மகன் செந்தில் அங்கே இருக்கிறான். ஓசூரில் செய்யப்படும் மூன்று சக்கர வண்டிகள் பெருவில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றைப் பழுதுபார்க்க அங்குள்ள மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவன் வேலை. போன இடத்தில் மிலா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். "வந்து அவங்க அப்பா அம்மாவப் பாத்துப் பேசுங்கப்பா" என்று கூப்பிட்டான். பேசுவதற்குத்தான் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். உண்மையில் அவனைக் கையோடு கூட்டி வருவதற்குப் போனேன். ஓசூரில் வீட்டின் மேல் அவனுக்கென்று மாடி கட்டி, வெள்ளையடித்து, ஒருத்தருக்கும் வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறேன். அங்கே கல்யாணம் ஆகிவிட்டால் அந்த மாடியில் புறாதான் குடியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டால், சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊரில் தலை காட்ட முடியாது. பேச்சு ஒப்பவில்லை என்றால் எழுந்து கும்பிட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்துவிட வேண்டியதுதான். விமானத்திலேயே சரோஜாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "அந்த ஆளுங்க கையால ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

"வெத்தல பாக்கு?" என்றாள்.

"அங்க ஏது வெத்தல?"

"அப்ப சரிங்க."

போதாததற்கு ஆடி மாதமாகப் பார்த்துத்தான் கிளம்பியிருந்தேன். ஆடியில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். பேச்சு எழுந்தால் மாதத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

விமான நிலையத்திலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது. மிலா கையில் ஒரு காகிதப் பை. அதற்குள் சுடச்சுட ரொட்டி, ரொட்டிக்கு நடுவில் வறுத்த பன்றிக்கறி, அதற்குத் துணையாகப் பொரித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இது அந்த ஊரின் காலைச் சாப்பாடாம். காலையில் பன்றியா என்று நான் கேட்டதைச் செந்தில் மொழிபெயர்க்கவில்லை. விமானத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோம் என்று பொய் சொன்னேன். காருக்குள் அந்தப் பை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. வெங்காயமும் எலுமிச்சையும் கலந்த வாசனை. சரோஜா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை.

செந்தில் குடியிருந்த அறையில் சரோஜா சோறு வடித்தாள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டு போயிருந்தோம். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால் பெண்ணின் தகப்பனார் எக்டோர் விடவில்லை. சோரியோஸ் என்ற கடலோரப் பகுதியில் மூன்று சக்கர வண்டிப் பட்டறை வைத்திருப்பவர். என் வயதுதான், ஆனால் வயிறு இரண்டு பேருக்கானது. விருந்தாளிக்கு ஊரைக் காட்டுவது தன் கடமை என்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். கூடவே அவர் மனைவி. பெயர் நெல்லி. சரோஜா அந்தப் பெயரை நாலு முறை சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நான் கண்ணால் அதட்டினேன்.

முதலில் ஒரு பழைய தேவாலயம். அதன் அடியில் சுரங்கம். சுரங்கம் முழுக்க எலும்பு. எப்போதோ புதைத்தவர்களைத் தோண்டியெடுத்து, தொடை எலும்பு தனியாக, மண்டையோடு தனியாக வகை பிரித்து, கிணறு போன்ற ஒரு பள்ளத்தில் பூக்கோலம் மாதிரி வட்டவட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று சக்கர வண்டிகளைச் செய்யும் ஓசூர்த் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். உதிரிப் பாகங்களை இப்படித்தான் தட்டுத் தட்டாகப் பிரித்து வைப்போம். அது நட்டும் போல்ட்டும். இது மனிதன். வெளி வட்டத்து மண்டைகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வருவதற்குள் வழிகாட்டி அடுத்த அறைக்குத் துரத்தினான். எண்ணக்கூட விடாதவன் எதற்கு அடுக்கி வைத்தான்?

வெளியே வந்ததும் நெல்லி கூடையைத் திறந்தார். அவித்த மக்காச்சோளம், துண்டு போட்ட வெண்ணிறப் பாலாடைக்கட்டி. அந்த ஊர்ச் சோளத்தின் ஒவ்வொரு மணியும் நம் ஊர் மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா, "இன்னிக்கு நாங்க வெரதம்னு சொல்லுடா" என்று செந்திலிடம் சொன்னாள்.

நெல்லி கைகூப்பி ஏதோ கேட்டார்.

"எந்த சாமிக்குனு கேக்கறாங்கம்மா" என்றான் செந்தில்.

"மாரியம்மனுக்கு."

அதற்கு மறுநாளும் விரதம், அடுத்த நாளும் விரதம். எங்கள் பக்தியைப் பார்த்து நெல்லி கண் கலங்கியதாக மிலா சொன்னாளாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல்வது கஷ்டமில்லை. அதை நம்புகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வதுதான் கஷ்டம்.

சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். உருளைக்கிழங்கு மட்டும் ஒரு வரிசை முழுக்க. ஊதா, மஞ்சள், சிவப்பு, கறுப்பு, விரல் மாதிரி, இஞ்சி மாதிரி, குழந்தையின் முஷ்டி மாதிரி. இருபத்து மூன்று வகைவரை எண்ணினேன். நம் ஊரில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு போண்டா, பொரியல், மசால் தோசை என்று ஒப்பேற்றுகிறோம். எக்டோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாராம்: உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மூன்றும் எங்கள் கண்டத்திலிருந்துதான் உலகத்துக்கே போயின.

"அப்ப எங்க பாட்டன் பூட்டனெல்லாம் அதுக்கு முந்தி என்னாத்தத் தின்னாங்களாம்? கேளுடா!" என்றேன்.

"மொளகு" என்றாள் சரோஜா. அவளை யாரும் கேட்கவில்லை.

அதே சந்தையில் பெருச்சாளியின் தங்கை மாதிரி ஒரு பிராணியைத் தோலுரித்து, பல்லோடு நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். விருந்துக்கு அதுதான் விசேஷமாம். நான் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். சந்தைக்குள் கட்டிப்போடாத நாய் ஏழு திரிந்தன. அவை எல்லாவற்றுக்கும் கம்பளிச் சட்டை போட்டிருந்தது.

அங்கிருந்து கடற்கரைக்குப் போகும்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. லிமாவில் கோம்பி என்று ஒரு சின்னப் பேருந்து ஓடுகிறது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு போகிற இடத்தையெல்லாம் ஒரே மூச்சில் கத்துகிறான். பாகலூர் போகும் மினிபஸ் இதற்கு எவ்வளவோ மேல். அதிலாவது முழுசாக நிறுத்துவார்கள். நான் ஏறினேன். பின்னால் சரோஜா ஒரு காலைத் தூக்கினாள். வண்டி போயே போய்விட்டது.

நான் தமிழில் கத்தினேன். கன்னடத்தில் கத்தினேன். தெலுங்கிலும் கத்தினேன். ஓசூரில் இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் வேலை செய்யும். கண்டக்டர் என் தோளைத் தட்டி உட்காரச் சொன்னான். பக்கத்தில் இருந்த அம்மாள் பையிலிருந்து வறுத்த சோளத்தை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினாள். அந்த அம்மாள் பெண் வீட்டார் இல்லையே என்று தின்றேன். எதிர் இருக்கைக்காரன் பாதி ஆரஞ்சு கொடுத்தான். அதையும் தின்றேன். கலங்கிப் போயிருந்தவனுக்கு அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த மருந்து அவ்வளவுதான். தின்னக் கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு மூன்று சக்கர வண்டி பேயாக அலறிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் எக்டோர். யாருடைய வண்டியைப் பிடுங்கினாரோ தெரியாது. கோம்பிக்குக் குறுக்கே நிறுத்தினார். கண்டக்டரை அவர் திட்டியது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் மனசுக்கு இதமாக இருந்தது.

வண்டியில் ஏறப்போனவன் அப்படியே நின்றேன். அது எங்கள் ஓசூரில் பிறந்த வண்டி. பின்பக்கத்தை வெட்டியெறிந்துவிட்டு, யாரோ இரும்புக் கூண்டு செய்து பற்றவைத்திருந்தார்கள். பின் தாங்கியில் ஆறு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலு. எங்கள் வரைபடத்திலேயே இல்லாத இடத்தில் ஒரு ஓட்டை. நடுரோட்டில் குனிந்து எண்ணிக் காட்டினேன். சரோஜாவோடு பின்னால் வந்து சேர்ந்த செந்தில் மூச்சிரைக்க மொழிபெயர்த்தான்.

"இந்த ஊரு மேடு உங்க வரைபடத்துல இருக்குதானு கேக்கறாரு."

"மேடு இருந்தா ரெண்டு போல்ட்டு சாஸ்தியில்ல போடணும்? கொறைப்பாங்களானு கேளு."

எக்டோர் தானும் குனிந்து பார்த்தார். முனகினார்.

"அது தம் பட்டறையில செஞ்ச வேல இல்லையாம்" என்றான் செந்தில்.

நம்ப முடியவில்லை. ஆனால் அந்த வண்டியில்தான் கடற்கரைக்குப் போனோம்.

மீன்பிடித் துறையில் பெலிக்கன் பறவைகள் வாசலில் கடன்காரனைப் போல் நின்றுகொண்டிருந்தன. பதினெட்டு. அங்கே ஒரு கடையில் எக்டோர் எனக்கென்று ஒரு தட்டு வாங்கி வந்து முன்னால் வைத்தார். பச்சை மீன். அடுப்பையே பார்க்காத மீன். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு, வெந்துவிட்டது என்கிறார்கள். எலுமிச்சை எப்போதிலிருந்து விறகாயிற்று? நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவர் என் பக்கம் தள்ளினார். நான் திரும்பவும் தள்ளினேன். தட்டு நடுவில் நின்றது. அந்த மனிதரின் முகம் கறுத்துவிட்டது. என்னைத் தேடி ஊரெல்லாம் ஓடி வந்தவர். தன் தட்டையும் மூடிவிட்டு எழுந்து கடலைப் பார்க்கப் போனார். அங்கேயும் சாம்பல் நிறம்தான்.

அன்று அறைக்குத் திரும்பியதும் செந்தில் செருப்பைக் கழற்றாமலே சொன்னான்: "ப்பா, ஏன் சாப்புட மாட்டேங்கறாருனு அவரு கேட்டாரு. சொல்லிட்டேன்."

"என்னானு?"

"இருக்கறதத்தான். வெரதமெல்லாம் பொய்யி, கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம், எங்கப்பாக்கு சம்மதமில்லன்னு."

"அதென்னாத்துக்கு நீ சொன்ன?"

"பின்ன எத்தினி நாளைக்கு மாரியம்மன இழுத்துக்கினு இருக்கறது?"

சரோஜா சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். 

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வரச்சொல்லி ஏற்கெனவே அழைப்பு இருந்தது. போகாமல் இருக்க முடியாது. போய்க் கும்பிட்டு, ஆடி மாதம் என்று சொல்லி, இரண்டு நாளில் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாக முடிவு செய்துகொண்டேன். மேட்டுச் சரிவில் செங்கல் வீடு. தெருவிலேயே கோழி வேகும் வாசனை. உள்ளே நீள மேசை, விரித்த துணி, சுற்றிலும் எட்டு நாற்காலி. மேசைமேல் ஒன்றுமே இல்லை. ஒரு தம்ளர் இல்லை, ஒரு கரண்டி இல்லை.

உட்கார்ந்தோம். ஒரு வாரமாகத் தட்டு தட்டாக நீட்டியவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. மறுப்பதற்காவது ஏதாவது வைக்க வேண்டாமா?

எக்டோர் பேசினார். செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உங்க பழக்கம் ரொம்ப நல்ல பழக்கம்னு சொல்றாரு. காலையிலருந்து சமைச்சாங்களாம். ஆனா உங்க பழக்கம் தெரிஞ்சதால எல்லாத்தையும் உள்ளயே வெச்சுட்டாராம். சோத்தக் காட்டி யாரையும் புடிக்கறது தப்பாம்."

"சரி, நல்லதுதான்."

"அதில்லாம..." என்று இழுத்தான். "இவரும் இன்னும் சம்மதம் சொல்லலையாம். அதனால பரிமாறதுக்கு இவருக்கும் உரிமையில்லையாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண் வீட்டார் சம்மதம் சொல்வதா? இத்தனை நாள் ஊட்டிவிடாத குறையாகத் தின்னக் கொடுத்ததெல்லாம் எங்களைச் சம்மதிக்க வைக்க என்றல்லவா நினைத்திருந்தேன்! அது வெறும் விருந்தோம்பலாம். பெண்ணைக் கொடுப்பது பற்றி அவர் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

"யோசிக்க என்னா இருக்குது? எம்பையனுக்கு என்ன கொறையாம்?"

எக்டோர் விரல் மடக்கிச் சொன்னார். செந்தில் தலையைச் சொறிந்தான்.

"சொல்லுடா."

"பையன் நல்லவந்தான். ஆனா கோவக்காரன். பட்டறையில ஸ்பேனரத் தூக்கி எறியறானாம்."

"யாரு, நீயா?"

"ஆமாப்பா."

"கோவம் எங்க வம்சத்துலயே இருக்குதுனு சொல்லு. ஆனா போச்சம்பள்ளிப் பக்கம் எங்க சொந்தத்துல எவனும் பொம்பளைங்க மேல கை நீட்டுனது கெடையாதுனு சொல்லு. வேறென்ன?"

"அந்த ஓசூர்ல கடல் இருக்குதானு கேக்கறாரு. பொண்ணு கடல் பாத்து வளந்தவளாம்."

"கடல் எதுக்கு? வருஷம் பூரா குளுகுளுனு இருக்கும். ரோசாப்பூ வெளையுது. வேலைக்குக் கம்பெனி தடுக்கி வுழுந்தா இருக்குது. வானம் இருக்குதுனு சொல்லுடா! நீலமா!"

"ஆனை வருமாமேனு கேக்கறாரு."

"சானமாவுக் காட்டுக்குத்தான் வருது. வூட்டுக்கு வராது. மாடி கட்டி வெச்சிருக்கறேன்னு சொல்லு. தனி பாத்ரூம். ஒரு கொறையும் இல்லாம பாத்துக்குவம்னு சொல்லு."

அப்போது சரோஜா என் பக்கம் சாய்ந்து, "ஏங்க, நீங்க பொண்ணு கேட்டுக்கினு இருக்கறீங்க" என்றாள்.

வாயை மூடினேன். மூடிய பிறகு என்ன? பேசியதெல்லாம் மேசைமேல் கிடந்தது.

எக்டோர் எழுந்து என்னை மட்டும் மாடிப்படிக்குக் கூப்பிட்டார். மேலே மொட்டைமாடி. மூலைக்கு நாலாகப் பதினாறு இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. மேல்தளம் எழுப்புவதற்காக விட்டு வைத்த கம்பிகள். துருப்பிடித்துவிடாமல் முனைகளுக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருந்தார். கம்பியைத் தட்டிக்காட்டி, "மிலா" என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நான் என் மார்பைத் தொட்டு, கையால் மாடி கட்டி, "செந்தில்" என்றேன். தலையாட்டினார். இரண்டு பேரும் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் கடல் ஒன்று இருந்தது.

மிலா மேலே வந்தாள். பின்னால் செந்தில். அவள் தன் அப்பாவிடம் சொன்னாள். அவன் என்னிடம் சொன்னான். "ரெண்டு மாடியும் இருக்கட்டும்ப்பா. எங்க வேல கெடைக்குதோ அங்க இருப்போம். இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம வேற ஊராக்கூட இருக்கலாம். வருவோம், போவோம். இதுக்கு மேல எங்களால வாக்குக் குடுக்க முடியாது."

இதுதான் பிள்ளை வளர்த்ததன் பலன். என் மாடியில் புறா, அவர் மாடியில் பாட்டில்.  எக்டோர் மூக்கை உறிஞ்சினார். பிறகு எதையோ கடுகடுவென்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். நான் கீழே வருவதற்குள் சமையலறையிலிருந்து பெரிய பாத்திரத்தை அவரே தூக்கி வந்திருந்தார். என் முன்னால் தட்டு வைத்து, அகப்பையால் அள்ளி ஊற்றினார். அவர் சம்மதம் சொல்லியாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மஞ்சள் மிளகாயும் பாலும் ரொட்டியும் சேர்த்துக் கூழாக்கிய குழம்பில் உதிர்த்த கோழி, பக்கத்தில் சோறு, உருளைக்கிழங்கு. நெல்லி முள்கரண்டியை நீட்டினார். கரண்டியால் தின்றால் கை நனையாது. அது கணக்கில் சேராது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். சோற்றில் கை வைத்தேன். பிசைந்து ஒரு வாய் போட்டேன்.

சரோஜா அதற்குள் மூன்றாவது வாயில் இருந்தாள்.

எக்டோர் முன்னால் குனிந்து, எப்படி என்று கையால் கேட்டார்.

"உப்பு கம்மி" என்றேன்.

செந்தில் தயங்கினான். "இதையும் சொல்லணுமாப்பா?"

"சொல்லு. இனிமே சொல்லலாம்."

சொன்னான். எக்டோர் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி மென்று, விழுங்கி, நெடுநேரம் பதில் சொன்னார்.

"உப்பு சரியாத்தான் இருக்குதாம். நீங்க ஒரு வாரமா ஊறுகாயாத் தின்னு நாக்கக் கெடுத்துக்கினீங்களாம்."

உப்பு கம்மிதான். ஓசூருக்கு வந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் செந்திலை விட்டு அவரிடம் அதைச் சொல்லச் சொல்கிறேன். இன்றுவரை அந்த மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை.